வெல்டிங் மெஷின் எனக்குத்தான்

என் வீட்டுக்காரர் தவறிப் போய் ஆறு மாசம் ஆச்சு. தொண்ணூறுகள்ல அவர் ஆசையா வாங்கின காரோட தரை துருப்பிடிச்சுப் போச்சு. "காயலான் கடையில போட்டுடுங்க"ன்னு மெக்கானிக் சொல்றார். எனக்கு மனசு வரலை.

இன்னைக்குக் கொழுந்தனைக் கூட்டிக்கிட்டு, அந்தத் தரையை ஒட்டுறதுக்கு, கம்பி தானா ஓடி வர்ற மிக் வெல்டிங் மெஷின் வாங்கத் தாம்பரத்துக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைத் திரும்பியே பார்க்கலை. "சார், இந்தப் பெருசை எடுங்க. கேட்டு, கிரில்லு எல்லாம் ஒட்டும்."

கொழுந்தன் பூ வியாபாரி. திருதிருன்னு முழிச்சான்.

நான் பையிலிருந்து கார் தகடு ரெண்டு துண்டு எடுத்துக் குடுத்தேன். "இதை ஒட்டிக் காட்டுங்கண்ணா."

கரண்டை எவ்வளவு குறைச்சு வெச்சும் பெரிய மெஷின் தகட்டுல ஓட்டை போட்டுச்சு. அப்புறம் மெல்லிசான கம்பி ஓடுற சின்ன மெஷினை எடுத்தார். பதமா ஒட்டிக்கிச்சு.

"வூட்டுக்காரர் வெல்டராக்கா?"

"ஆமா, இருந்தார். பக்கத்துல நின்னு தகடு புடிச்சது நான்."

"இப்ப யாரு பண்ணப் போறாங்கோ?"

"நான்தான்."

"அண்ணி, எங்கிட்டகூட சொல்லலையே!"ன்னான் கொழுந்தன்.

மெஷின் வீட்டுக்கு வந்தாச்சு. கார்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பழகணும். உடைஞ்ச இரும்பு ஸ்டூல், கேட் யாராவது வெச்சிருந்தா சொல்லுங்க. கோணலா வந்தா மட்டும் என்னைத் திட்டக் கூடாது.