நாற்பதாவது கை

1. கோரம்

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டிய பிறகு, ஒரு நாள் காலையில் சூப்பிரண்டெண்ட் என்னைக் கூப்பிட்டார். "ஷாகிராம்மா, நீங்க மேல் மாடிக்குப் போங்க. பி.ஜி. பசங்களோட பேரவைக்கு ஒரு கிளார்க் வேணுமாம்" என்றார். தண்டனையா பதவி உயர்வா என்று எனக்குப் புரியவில்லை. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

பாதிப் படியில் ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அந்த வருடத்துப் பேரவைச் செயலாளர் அவன்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"மேடம், கோரம் இல்ல மேடம்! கூட்டம் போச்சு!"

என் காதில் விழுந்தது கோரம் என்ற சொல் மட்டும்தான். "யா அல்லா! யாருக்கு என்னப்பா ஆச்சு? ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கத்திவிட்டேன்.

அவன் திருதிருவென்று முழித்தான். "யாருக்கும் ஒண்ணும் ஆகல மேடம். ஆள் கம்மி. அதத்தான் கோரம் இல்லன்னு சொல்றது."

ஒரு கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் உறுப்பினர்கள் குறைந்தது இத்தனை பேர் நேரில் வந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் கோரம். நான் அதைக் கோர விபத்து என்கிறோமே, அந்தக் கோரமாகக் கேட்டுத் தொலைத்தேன். அந்த வருடம் முழுக்க மாடியில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "அக்கா, ஆம்புலன்ஸ் வந்துச்சா?" என்று கேட்டே மானத்தை வாங்கினார்கள்.

2. வாயும் இல்லை, கையும் இல்லை

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குப் பேரவை என்றால், பேட்ஜ் குத்திக்கொண்டு விழா மேடையில் பூங்கொத்து கொடுக்கிறவர்கள் என்றுதான் தெரியும். எங்கள் காலத்தில் அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எம்.ஏ., எம்.எஸ்ஸி. படிக்கிறவர்கள், பிஎச்.டி. ஆய்வு மாணவர்கள், எல்லோரும் உறுப்பினர்கள். ஒவ்வொரு துறையும் ஓட்டுப் போட்டு ஒரு பிரதிநிதியை அனுப்பும். பிரதிநிதிகள் சேர்ந்தால் செயற்குழு. அவர்களுக்குள் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர். செயற்குழுவுக்கு மேலே பொதுக்குழு இருந்தது. அத்தனை உறுப்பினர்களும் வந்து உட்காருகிற கூட்டம் அது. தலைவரைப் பிடிக்கவில்லை என்றால் இறக்கிவிடவும் அதற்கு அதிகாரம் உண்டு.

தலைவருக்குக் கல்லூரியின் ஆய்வுக் குழுவில் ஒரு நாற்காலி இருந்தது. கைடு வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று ஒரு ஆய்வு மாணவி வந்து அழுதால், அவளுக்காக அந்த நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும். ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களுக்கு நாளைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் வருகிற குரல் அது. அந்தப் பயம் ரொம்ப நல்ல பயம்.

சண்டைக்கும் குறைவில்லை. ஒரு முறை தமிழ்த் துறைப் பையன் எழுந்தான். "எங்க டிபார்ட்மென்ட்ல முப்பது பேரு. விலங்கியல்ல ஆறே பேரு. ரெண்டுக்கும் ஒரே ஓட்டா?" என்றான். விலங்கியல் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஆறு பேரா இருக்கறதாலதான் எங்களுக்கு ஓட்டு வேணும். முப்பது பேரு நீங்க கத்தினாலே கேக்குதே, உங்களுக்கு எதுக்கு ஓட்டு?" என்றாள். அறையே கை தட்டியது. அவன்கூடச் சிரித்துவிட்டான்.

ஆலோசகராக வரும் பேராசிரியர் பேசலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது. கிளார்க் பேசவும் கூடாது. மூலையில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுத வேண்டியதுதான். எனக்கு அந்த அறையில் வாயும் இல்லை, கையும் இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஏக்கமாக இருந்தது. இதே கல்லூரியில்தான் பி.ஏ. வரலாறு படித்தேன். எம்.ஏ.வுக்கு சீட்டும் கிடைத்துவிட்டது. அந்த மாதம்தான் இங்கே லேப் அட்டெண்டராக இருந்த அத்தா தவறிப்போனார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். சீட்டை விட்டுவிட்டு வேலையில் சேர்ந்தேன். அப்புறம் எத்தனை வருடம் கழித்து, நான் உட்கார்ந்திருக்க வேண்டிய கூட்டத்தில் மற்றவர்கள் பேசுவதை எழுதிக்கொண்டிருந்தேன் பாருங்கள்! "தீர்மானத்துக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க" என்று தலைவர் சொல்லும்போதெல்லாம் என் தோள் தானாகத் துடிக்கும். பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

3. ஹால் ஏன் காலி?

அதற்குச் சில வருடம் கழித்து, நான் சொல்ல வந்த வருடத்தில், தலைவர் தனம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பத்துப் பெண். வேதியியலில் பிஎச்.டி. செய்துகொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். குரலை உயர்த்தாமல் பேசுவாள், ஆனால் பேசினால் எல்லோரும் கேட்பார்கள். செயலாளர் பிரபு திருநெல்வேலிக்காரன், எம்.ஏ. பொருளாதாரம், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அந்த வருடத்தின் முதல் பொதுக்குழுவுக்கு ஆளே வரவில்லை. மறுநாள் லீவு, எல்லோரும் ரூமில் படுத்துவிட்டார்கள். பொதுக்குழு கோரம் இல்லாமல் போனால் பதினைந்து நாளுக்குள் இன்னொரு தடவை கூட்ட வேண்டும் என்று பேரவையின் விதிப் புத்தகமான பைலா சொன்னது. இரண்டாவதும் விழுந்தால் பேரவை கலைந்துவிடும். அதன் பிறகு தேர்தல் கிடையாது, கல்லூரி முதல்வரே ஆட்களை நியமிக்கலாம். அப்போதிருந்த முதல்வருக்கு அதில் ரொம்ப நாளாகவே ஒரு கண். "எலெக்‌ஷன் வெச்சாலே தகராறும்மா. நல்ல பசங்களா பார்த்து நானே போட்டுட்டா காலேஜ் அமைதியா இருக்கும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயம் பார்த்து நான் தங்கை மகள் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருந்தேன். திரும்பி வந்தால் நோட்டீஸ் போர்டில் இரண்டாவது கூட்டத்தின் தேதி ஒட்டியிருக்கிறது. தேதியைப் பார்த்ததும் பிரபுவைத் தேடி ஓடினேன்.

"ஏம்ப்பா பிரபு, இந்தத் தேதிய யாரு குறிச்சது?"

"நான்தான்க்கா. எல்லா நாளும் ஹால் புக் ஆயிருந்துச்சு. இந்த ஒரு நாள் மட்டும் காலியா கெடந்துச்சு. யாராவது முந்திக்கிடுவாங்கன்னு உடனே எழுதிப் போட்டுட்டேன்."

"அந்த ஒரு நாள் மட்டும் ஏன் காலியா இருக்குன்னு யோசிச்சியா? அன்னிக்கு பௌர்ணமிப்பா!"

"பௌர்ணமிக்கு ராத்திரிதானக்கா கிரிவலம் நடப்பாங்க? நம்ம கூட்டம் ரெண்டு மணிக்குல்லா!"

பக்கத்தில் நின்ற தனம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பிரபு, இந்த ஊருக்கு பௌர்ணமி முந்தின நாளே வந்துடும். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவான். எங்க ஊர்ப் பசங்க எப்படி வருவாங்க?"

திருவண்ணாமலைக்காரர்கள் யாரும் பௌர்ணமியில் ஒரு காதுகுத்துகூட வைக்க மாட்டார்கள். நோட்டீஸ் ஒட்டிய பிறகு தேதியை மாற்றவும் பைலாவில் இடமில்லை. பிரபுவைத் திட்ட வாயெடுத்தேன். அவன் முகம் செத்துப்போயிருந்தது. விட்டுவிட்டேன்.

4. கை தூக்கினால் என்ன அர்த்தம்?

கோரத்துக்கு அந்த வருடக் கணக்கில் நாற்பது பேர் வேண்டும். அன்றைக்கு இரண்டு மணிக்கு ஹாலில் பாதிகூட இல்லை. செங்கம் ரோடு முழுக்க ஜனம். ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்திருந்தவர்கள் எங்கள் கல்லூரிக்கு வர வேண்டுமானால் அந்தக் கூட்டத்தை எதிர்த்து நடக்க வேண்டும். மலைக்குப் பின்னால் அடி அண்ணாமலையில் இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். கூட்டத்தோடு நடந்து வந்தால் மலையைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

தனம் கொஞ்ச நேரம் பைலாவைப் புரட்டினாள். கூட்டத்தை அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று ஒரு விதி இருந்தது. ஹால் ஒழுகிய காலத்தில் யாரோ மழைக்காக எழுதி வைத்தது.

"அவங்க வர முடியலன்னா நாம போவோம். அடி அண்ணாமலைல கூட்டம். வழில நம்மாளுங்க எல்லாரையும் சேத்துக்கலாம்" என்றாள்.

நடந்தோம். மினிட்ஸ் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நானும் நடந்தேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், பௌர்ணமிக் கூட்டத்தில் நடந்தது அன்றுதான் முதல் தடவை. ஆசிரமத்துக்கு எதிரே நாலு பேர் சேர்ந்தார்கள், காபிக் கடை வாசலில் மூன்று பேர். தத்துவம் படிக்கிற பையன் ஒருவன் கைலியோடு ஓடி வந்தான். போய்ப் பேண்ட் மாட்டிக்கொண்டு வா என்று தனம் அவனைத் துரத்தினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருத்தியாக என்னை நானே நினைத்துக்கொண்டு போனேன்.

அடி அண்ணாமலை தாண்டி, இளநீர்க் கடைக்குப் பின்னால் அறுவடை முடிந்த ஒரு வயல். அங்கே மற்றவர்கள் காத்திருந்தார்கள். தனம் வரப்பில் ஏறி நின்றாள். "வந்திருக்கற உறுப்பினர்கள் எல்லாரும் கை தூக்குங்க!"

பிரபு எண்ணினான். "அம்பத்தாறு! அக்கா, அம்பத்தாறு!" என்று குதித்தான். எல்லோரும் கத்தினார்கள். எனக்கோ சந்தேகம். எங்களிடம் அத்தனை பேர் ஏது?

திரும்பிப் பார்த்தேன். தனத்துக்குப் பின்னால் மலை. எங்களுக்குப் பின்னால் ரோட்டில் போன ஜனம், ஒரு கும்பல் மலையைப் பார்த்துக் கை தூக்கி நிற்பதைப் பார்த்து, இது ஏதோ விசேஷ தரிசனம் போலிருக்கிறது என்று வயலில் இறங்கி, கையைத் தலைக்கு மேல் தூக்கி, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று நின்றுகொண்டிருந்தது. ஒரு தெலுங்குக் குடும்பம் குழந்தையின் கையைக்கூடத் தூக்கிப் பிடித்திருந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் மலையைப் பார்த்துக் கை தூக்கினால் வேறு என்ன அர்த்தம்?

உறுப்பினர்களை மட்டும் தரையில் உட்கார வைத்து, அடையாள அட்டையைப் பார்த்துத் தனமே எண்ணினாள். முப்பத்தொன்பது.

திரும்பவும் எண்ணினாள். முப்பத்தொன்பதுதான்.

சங்கீதா என்ற கீழ்பென்னாத்தூர்ப் பெண் போன் செய்தாள். "அவலூர்பேட்டை ரோட்ல எறக்கி விட்டுட்டான். நடந்துட்டுதான் இருக்கேன். செத்த நேரம் இருங்க, வந்துடறேன்." மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண் எப்படி வருவாள்? வெயில் வயலை விட்டுப் போய், பனை உச்சியில் மட்டும் நின்றது.

பிரபுதான் சொன்னான். "அக்கா, நீங்க உக்காருங்கக்கா. ஒத்தக் கை. யாருக்குத் தெரியப் போவுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. அல்லா அறிய, அந்த வயலில் போய் உட்கார என் உடம்பு முழுக்கத் தவித்தது. அவர்களுக்காக மட்டும் இல்லை. ஒரே ஒரு தடவை என்னையும் யாராவது எண்ண மாட்டார்களா என்று இருந்தது.

"நான் உறுப்பினர் இல்லப்பா" என்றேன்.

பனை உச்சியும் இருட்டியது. "கோரம் இல்லை. பேரவை கலைகிறது" என்று தனம் சொன்னாள். குரலை அப்போதும் உயர்த்தவில்லை. நான் எழுதினேன்.

மற்றவர்கள் போன பிறகு இளநீர்க் கடை பெஞ்சில் நானும் தனமும் உட்கார்ந்திருந்தோம்.

"நீங்க கை தூக்கியிருந்தா நான் எண்ணியிருப்பேன்க்கா" என்றாள் தனம்.

"தெரியும்மா. அதான் தூக்கல."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அவள் எண்ணியிருந்தால், அப்புறம் எந்தத் தலைவர் எண்ணுவதையும் என்னால் நம்பி எழுதியிருக்க முடியாது.

5. பஸ் ஓடிய நாள்

அன்றிலிருந்து நியமனம்தான். பேரவை அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தனம் புனேயில் மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள், ரம்ஜானுக்குப் போன் செய்வாள். ஆய்வுக் குழுவின் நாற்காலியில் யாரோ உட்காருகிறார்கள், யாரும் பேசுவதில்லை. முதல்வர் ஆசைப்பட்ட அமைதி வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளின் சண்டையைக் கேட்காமல் எனக்குக் காது வலிக்கிறது.

போன வருடம் ஓய்வு பெற்றேன். இந்த வருடம் இதே கல்லூரியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வகுப்பில் எல்லோரும் ஆன்ட்டி என்கிறார்கள். பழைய பைலாவை யாரும் ரத்து செய்யவில்லை. உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் முதல்வர் பொதுக்குழுவைக் கூட்டியே ஆக வேண்டும். அது கூடி நினைத்தால் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரலாம். துறை துறையாகப் போய்க் கேட்கிறேன். "எதுக்கு ஆன்ட்டி? அதான் லீடர் போட்டிருக்காங்களே" என்கிறார்கள். கேன்டீனுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறார்கள்.

என் உத்தியோகத்தில் நான் கற்றது ஒன்றுதான், இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பேரவை பௌர்ணமியன்று சாகவில்லை. அன்றைக்கு வர முடியாதவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், சங்கீதா இருட்டின பிறகும் நடந்து வந்து சேர்ந்தாள். அதற்கு முந்தின கூட்டத்தன்று பஸ் ஓடியது, வெயில்கூட இல்லை, ஹால் திறந்திருந்தது. அன்றைக்கு ரூமில் படுத்திருந்தார்களே, அப்போதுதான் அது செத்தது.

தாள் என் பையில் இருக்கிறது. இதுவரை அதில் ஒரே ஒரு கையெழுத்து. ஷாகிரா பானு, முதலாம் ஆண்டு, வரலாற்றுத் துறை.