கிரேதோ

தங்கச்சிக்கு முதல் பிள்ளை பிறந்தபோது ஞானத்தகப்பன் நான்தான் என்று சொல்லிவிட்டாள். அவள் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. ஞானஸ்நானத்தில் சாமியார் கேட்பதற்கு லத்தீனில் பதில் சொல்ல வேண்டுமே, மூன்றாம் வகுப்போடு நின்றவன் வாயில் அது நுழையுமா என்றார். நான் தடுமாறினால் என் இடத்தில் தேயிலைத் தோட்டத்து வாத்தியார் நிற்பது என்று முடிவானது.

மாதம் ஒரு தடவை அட்டன் டவுனிலிருந்து எங்கள் கோயிலுக்கு வரும் வெள்ளைக்காரச் சாமியாரிடம் போனேன். விசுவாசக் கேள்வி மூன்றுக்கும் பதில் ஒரே சொல்தான் என்றார். கிரேதோ. விசுவசிக்கிறேன் என்று பொருள். நம் பேச்சைப் போல அதிலும் ஆளுக்குத் தக்கபடி வால் மாறும். கிரேதோ என்றால் நான். கிரேதிஸ், நீ. கிரேதித், அவன். கிரேதிமுஸ், நாங்கள்.

அவருக்குச் சொற்களில் பிரியம். ரோமாபுரிக்கு முன்னால் இத்தாலியில் இருந்த சனங்கள் இதைக் கிரெஸ்தோ என்று சொல்லியிருப்பார்களாம். எழுதி வைத்தவர் யாருமில்லை. பின்னால் வந்த பாஷைகளை ஒப்பிட்டுப் படித்தவர்கள் உத்தேசமாகக் கட்டிய சொல். பிள்ளைகளைப் பார்த்து, செத்துப்போன தகப்பன் மூக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்பது போல. அதற்கும் முன்னால் அது இரண்டு சொல்லாம். ஒன்று மனசு, மற்றது வைப்பது.

"நாங்களும் சொல்றோமே சாமி, மனசு வைங்கன்னு."

"யார்கிட்ட?"

"தொரைகிட்ட. லீவு கேக்கிறப்ப."

சாமியார் வெகுநேரம் சிரித்தார்.

அந்த மாதம் எனக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துக்கொண்டே நாலு சொல்லையும் முணுமுணுத்தேன். செடிக்கு மந்திரம் போட்டால் கொழுந்து சீக்கிரம் வருமா என்று பக்கத்து நிரைக்காரர் கேட்டார்.

ஞானஸ்நானத்தன்று பிள்ளை என் கையில். பக்கத்தில் மாமியார். பின்னால் வெள்ளை வேட்டியில் வாத்தியார். பிதாவை விசுவசிக்கிறாயா என்று சாமியார் லத்தீனில் கேட்டார். கிரேதிஸ் என்று தொடங்கினார், அது புரிந்தது. ஆனால் துரைமார், சாமிமார் முன்னால் நான் என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. நாங்க என்றுதான் வரும்.

"கிரேதிமுஸ்," என்றேன்.

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"நாங்கன்னா யாருப்பா?"

"நான்தாங்க சாமி."

"அப்ப நான்னே சொல்லு."

"கிரேதோ," என்றேன். அடுத்த இரண்டு கேள்விக்கும் அதையே சொன்னேன். தடுமாறவில்லை.

வெளியே வந்ததும் மாமியார் வாத்தியாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஒன்னு கேட்டா ரெண்டு சொல்றான். இவனே போதும்."

லயத்து வீட்டுக்கு வந்து சேரும்வரை பிள்ளையை மாமியார் என் கையிலிருந்து வாங்கவில்லை.