தவராசாவின் பிழை

நிலாவெளியில் கரைவலைச் சம்மாட்டியாக, வலைக்கும் அதை இழுக்கும் ஆட்களுக்கும் முதலாளியாக, இருக்கும் சின்னத்தம்பி காலையில் தொலைபேசி எடுத்தார். "மிஸ், எங்கட சேர் மோசம் போயிட்டார்" என்றார். தவராசா இறந்துவிட்டார். அடுத்த கணமே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த "எங்கட" சுருக்கென்று தைத்தது. இத்தனை வருடம் ஆய்வுக்காக அந்தக் கரைக்குப் போய்வருகிறேன், என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

பேராசிரியர் தவராசாவை உங்களுக்குத் தெரியும். பொருளியல் துறையில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் விரிவுரையாளராகச் சேர்ந்தவர்கள். மீன்பிடி அமைச்சு தனக்கு ஆலோசகர் ஒருவரைத் தேடியபோது இருவருமே விண்ணப்பித்தோம். கூப்பிட்டது அவரை. அவர் கொழும்புக்கும் திருகோணமலைக்குமாகப் பறந்துகொண்டிருக்க, நான் இங்கே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எரியாதா? நன்றாகவே எரிந்தது.

அமைச்சில் அவர் வரைந்த மீனவர் உதவித் திட்டம் பலருக்கு நினைவிருக்கும். படகு இயந்திரத்தின் வலுவைப் பார்த்து எரிபொருள் மானியம். வரைவைக் காட்டியபோதே கேட்டேன்: "கரைவலைக்காரர் துடுப்பு வலிச்சுப் போறவை. அவைக்கு என்ன குடுக்கப்போறீங்கள்?"

"நீர் எப்பவும் குறைதான் பிடிப்பீர்" என்று சிரித்தார். நான் சொன்னபடியே நடந்தது. சின்னத்தம்பியின் ஆட்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

இனி மனிதர் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார் என்று உள்ளூரச் சந்தோசப்பட்டேன். அவரோ அந்தக் கிழமையே பஸ்ஸில் வந்து இறங்கினார். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் நடுவே போய் நின்று, "பிழை என்னிலதான். கொழும்பு மேசையில இருந்து பார்த்தா எல்லாப் படகும் ஒண்டு மாதிரித்தான் தெரியும்" என்றார். சின்னத்தம்பி வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏசி முடித்துவிட்டு, "சரி சேர், இந்தக் கயிற்றைப் பிடியுங்கோ" என்றார். மத்தியானம் சேருக்குச் சோறும் சூடை மீன் குழம்பும். சரியாகச் சொன்ன எனக்கு அந்தக் கரையில் ஒரு தேத்தண்ணிகூடக் கிடைத்ததில்லை!

திட்டம் திருத்தப்பட்டது. பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பிறகு, ஒவ்வொரு வருடமும் முதல் விரிவுரையை அவர் அந்தப் பிழையில்தான் தொடங்குவார். கதிரை போதாமல் பிள்ளைகள் நிலத்தில் இருந்து கேட்பார்கள். அவர்களின் சிரிப்பு பக்கத்து வகுப்பில் நிற்கும் எனக்குக் கேட்கும்.

அந்த விரிவுரையைத் துறை இப்போது என்னிடம் தந்திருக்கிறது. திங்கட்கிழமை அவருடைய பிழையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஒன்றையும் குறைக்க மாட்டேன். அப்படியொரு பிழையை நான் விட்டிருக்கக் கூடாதா என்ற பொறாமையை மட்டும், தவராசா, எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.