மாதவராஜுக்கு ‘ங்க’ கிடைத்த கோடை

கடத்தூரில் முப்பது வருஷமாக நான் டீசல் வண்டி மெக்கானிக். பெயர் சவுரியப்பன். கடைக்கு எவன் வந்தாலும் ‘வா, போ’ என்றுதான் பேசுவேன். கொம்பன் வந்தாலும் என் வாயில் ‘ங்க’ வராது, அப்படியே பழகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

என்னிடம் வண்டி விடுகிறவர்களில் மாதவராஜ் ஒரு தனிப் பிறவி. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரன், வயது நாற்பத்தாறு. சொந்தமாக ஒரு மினி லாரி வைத்துக்கொண்டு புளி, தக்காளி, மரவள்ளிக்கிழங்கு என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். நல்லவன்தான். ஆனால் அவன் பேச்சை ஊரில் ஒரு ஈ காக்கா மதிக்காது. புளி வியாபாரம் செய்யும் காசியம்மாள் அவனை ‘டேய்’ என்பாள். பொண்டாட்டி நிர்மலாதேவிக்கோ அவன் ‘யோவ்’. கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்றாளாம். அது போட்டோக்காரருக்குச் சொன்னது என்று பிறகு தெரிந்ததாம்.

“எனக்கு வேற ஒன்னும் வேணாம்ண்ணா. வூட்டுல ஒரு ‘ங்க’ போட்டா போதும்” என்று என்னிடமே வந்து புலம்பியிருக்கிறான். அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் என்னிடம் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

பங்குனியில் ஒரு நாள் அவன் வண்டியின் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் லைட் எரிந்தது. கீழே சொட்டுச் சொட்டாகப் படம் போட்ட லைட். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்து, தண்ணீர் போய் நல்ல டீசல் வந்ததும் இறுக்கு, மேலே கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கு, லைட் அணைந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

“இந்தத் தண்ணி எங்கிருந்துண்ணா வருது?” என்றான்.

நான் வேறொரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். கண்ணில் ஆயில் சொட்டிய எரிச்சல். “வானத்துல இருந்து வருது, போடா” என்றேன்.

அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். மூன்று நாள் கழித்து மத்தியானம் லைட் எரிந்தது, சாயங்காலம் மழை கொட்டியது. அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாம் தடவை லைட் எரிந்ததும் நேராகக் காசியம்மாளின் களத்துக்குப் போய், “புளிய அள்ளிடு, மழை வருது” என்றிருக்கிறான். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

“போடா வேலையத்தவனே” என்றாள் காசியம்மாள்.

ஐந்து மணிக்குப் பெய்த மழையில் அவள் புளியெல்லாம் களத்திலேயே ரசமாகிவிட்டது.

அதன் பிறகு மாதவராஜைப் பிடிக்க முடியவில்லை. தினமும் இரண்டு மணிக்கு அவன் வண்டியைச் சுற்றிக் கூட்டம். அவன் கேபினில் ஏறிச் சாவியைத் திருப்புவான். “எரியுதுங்களா?” என்று காசியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பாள். ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கும் அவன் மச்சான், எண்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து போன் போட்டு இன்றைக்குக் கடை போடலாமா என்று கேட்டான். மழை நின்றதும் மாதவராஜ் திருகைத் திறந்து தண்ணீரை இறக்குவான். அடுத்த மழைக்கு லைட்டைத் தயார் பண்ணுகிறானாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு நாள் நிர்மலாதேவி வாளியோடு வந்து, “என்னங்க, துணி காயப் போடட்டுங்களா?” என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவன் கடத்தூர் வரைக்கும் வந்து எனக்கு முட்டை போண்டா வாங்கிக் கொடுத்தான். விஷயத்தைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“மடையா, அது மழை லைட்டு இல்லடா.”

“நீங்கதானேண்ணா சொன்னீங்க, வானத்துல இருந்து வருதுன்னு” என்றான்.

சித்திரைக் கடைசியில் அவன் வண்டி புளி மூட்டைகளோடு ஊர் எல்லையில் திணறி நின்றுவிட்டது. காலையிலிருந்து லைட் அணையவே இல்லையாம். புயல் வருகிறது என்று ஊரில் வேறு சொல்லி வைத்திருந்தான். நான் டூவீலரில் போய்ப் பார்த்தேன். டீசல் டேங்குக்கு மூடியே இல்லை. பழைய லுங்கியைக் கிழித்து, சுருட்டி, ஓட்டையில் அடைத்திருந்தான்.

“மூடி எங்கடா?”

“அது தொலஞ்சி ரெண்டு மாசமாச்சுண்ணா.”

“இதுக்கு மேல தண்ணி கிண்ணி ஊத்துறியா?”

“தினம் இல்லண்ணா. புழுக்கமா இருந்தா மட்டும் மத்தியானம் கேபின் மேல, டேங்க் மேல ரெண்டு பக்கெட்டு ஊத்துவேன். உள்ள படுக்கணுமில்ல. டேங்கு சூடானா டீசலும் ஆவியாப் போயிடும்.”

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. கோடையில் மத்தியானம் புழுங்கினால் சாயங்காலம் மழை வரும், இது ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். புழுங்கினால் இவன் தண்ணீர் ஊற்றுவான். ஊற்றிய தண்ணீர் லுங்கி வழியாக டேங்கில் இறங்கி, ஃபில்டருக்குப் போய், லைட்டை எரிய வைக்கும். இதற்கு ஒரு ஊரே கைகட்டி நின்றிருக்கிறது.

விளக்கிச் சொன்னதும் அவன் முகம் செத்துவிட்டது. “அண்ணா, தண்ணிய எடுத்துடுங்க. லைட்டு மட்டும் அப்பப்ப எரியட்டும்” என்றான்.

“தண்ணி போனா லைட்டு போகும். தண்ணி இருந்தா பம்பு போகும், வண்டியே போகும். எது வேணும்?”

“லைட்டு போனா ‘ங்க’ போயிடும்ண்ணா” என்றான். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலை வேலைதான். டேங்கைக் காலி செய்து, புது ஃபில்டர் மாட்டி, பூட்டு வைத்த மூடி ஒன்றையும் போட்டுவிட்டேன்.

மறுநாள் வண்டியைப் பார்க்கிற சாக்கில் அவன் ஊருக்குப் போனேன். சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கம். களம் முழுக்கப் புளி. மாதவராஜ் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கெட் ஊற்றிவிட்டு, கேபினில் ஏறிச் சாவியைத் திருப்பினான். லைட் எரியவில்லை.

“எரியலீங்களே. அப்ப மழை இல்லீங்க” என்று காசியம்மாள் திரும்பினாள்.

அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: “எதுக்கும் அள்ளிடுங்க. வரும் போலத்தான் இருக்குது.”

“லைட்டே எரியல, நீ என்னடா சொல்றது?” என்றாள் காசியம்மாள். ஒரு நிமிஷத்தில் ‘ங்க’ போய் ‘டா’ வந்துவிட்டது. கூட்டம் கலைந்தது. மாதவராஜ் என்னைப் பார்த்தான். நான் டயரைப் பார்த்தேன்.

அப்போது நிர்மலாதேவி சாக்கை உதறிக்கொண்டு வந்தாள். வண்டிப் பக்கமே திரும்பாமல், களத்தின் மூலையில் காய்ந்த தன் புளியை அள்ள ஆரம்பித்தாள். “என்னங்க, அந்தப் பக்கம் நீங்க அள்ளுங்க” என்றாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “லைட்டு எரியலையேம்மா?”

“லைட்ட யாருங்கண்ணா பாத்தா? அது எரியறதும் அணையறதும் எனக்கென்ன தெரியும்? இவரு மத்தியானம் ரெண்டு பக்கெட்டு ஊத்துனா அன்னைக்கு மழை வரும். நான் மொதல்ல இருந்து இவரத்தானுங்க பாத்துட்டிருக்கறேன்.”

மாதவராஜ் கையில் சாவியோடு அப்படியே நின்றான். “அப்ப அந்த ‘ங்க’ லைட்டுக்கு இல்லயா?” என்றான்.

“பேசாம அள்ளுங்க” என்றாள்.

நாலரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. காசியம்மாளுக்கு அந்த வருஷம் இரண்டாவது ரசம்.

அடுத்த வாரம் கடை வாசலில் ஒரு கேபினுக்கு பெயின்ட் அடித்துக் காய வைத்திருந்தேன். வானம் துடைத்த மாதிரி இருந்தது, ஆனால் உடம்பெல்லாம் கசகசப்பு. பக்கத்தில் யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு போன் போட்டேன்.

“மாதவராஜ், இன்னைக்கு பக்கெட்டு ஊத்திட்டீங்களா?”

அந்தப் பக்கம் அவன் நிர்மலாதேவியைக் கூப்பிடுவது கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, “இன்னொரு தடவ கேளுங்கண்ணா” என்றான்.