நாள் முழுக்க ஊர் சுற்றிய ரோஜாத் தொட்டி

பூக்கடையில் வேலை பார்த்த அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பம்பரம் என்றால்தான் தெரியும். அந்தப் பெயரை வைத்தது அவளுடைய கூடப்பிறந்த அக்காதான். ஐந்து பிள்ளைகளில் மூத்தவள் அக்கா, கடைசி இவள். நடுவில் பிறந்த மூன்று பேரும் ஆண்கள். பிழைப்பைத் தேடி மூன்று திசைக்குப் போய்விட்டார்கள். அம்மா தையல் ஆலைக்கு வேலைக்குப் போனதால் பதின்மூன்று வயது மூத்த அக்காவின் இடுப்பில்தான் இவள் வளர்ந்தாள். இடுப்பில் இருக்கும்போதே இறங்கு இறங்கு என்று காலை உதறுவாளாம். இறக்கிவிட்டால் தூக்கு தூக்கு என்று அழுவாளாம். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர் நாற்பத்தெட்டு வயதாகியும் விடவில்லை.

பெயருக்கேற்ற வேலையும் அமைந்தது. ஊர் சின்னது. படித்த பிள்ளைகள் எல்லாம் பெரிய ஊர்களில் இருந்தார்கள். அம்மாவுக்குப் பிறந்தநாள், சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கோபித்துக்கொண்டு போன மனைவியைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று எதற்கெடுத்தாலும் கடைக்குப் போன் வரும். இன்ன வீட்டுக்கு ஒரு பூங்கொத்து, இன்னாருக்கு ஒரு பூந்தொட்டி. கூடவே வைக்கிற அட்டையில் பம்பரம்தான் எழுதுவாள், முத்து முத்தான கையெழுத்து. எழுதி முடித்து, ஸ்கூட்டரின் பின்னால் கட்டிய பெட்டியில் வைத்துக் கிளம்பிவிடுவாள்.

கடைக்காரர் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். பூவை உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். அந்தப் படம் மாலை ஆறு மணிக்குள் அனுப்பியவருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அனுப்புகிறவர்கள் ஆசைப்படுவது பூவுக்கு இல்லை, அந்த முகத்துக்குத்தான் என்பார். அந்த வகையில் ஊரில் பாதிப் பேருடைய முகம் பம்பரத்தின் போனில் இருந்தது. படம் என்றதும் உள்ளே ஓடி அரை மணி நேரம் தலை வாரியவர்கள் உண்டு. பூங்கொத்தைப் பிடித்த மீனைப் போலத் தலைகீழாகத் தூக்கிக் காட்டிய ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டரும் உண்டு.

பதினோரு வருஷ வேலையில், கடைசி ஏழு வருஷமாக அவள் எந்த வீட்டுக்கும் தாமதமாகப் போனதில்லை. மழையில் நனைந்து போவாள், பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள், நேரம் தவறமாட்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

அம்மா கடைசிக் காலத்தில் அக்கா வீட்டில்தான் படுத்திருந்தாள். ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு அக்கா போன் செய்து, மூச்சு ஒரு மாதிரியாக இருக்கிறது, உடனே வா என்றாள். இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கிறது, கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள் இவள். இவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா போய் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அண்ணன்மாருக்கே தகவல் போய்விட்டது. உள்ளூரில் இருப்பவள் அப்போதுதான் வருகிறாள். வந்திருந்த அத்தனை உறவுக்கும் முன்னால் அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"ஊர்ல எல்லார் வீட்டுக்கும் நேரத்துக்குப் போற. இந்த வீட்டுக்கு மட்டும் உனக்கு வழி தெரியல. இனிமே தெரியவே வேண்டாம்."

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. ஒரே ஊர், நடுவில் பன்னிரண்டு தெரு. அந்தத் தெருவுக்குப் பூ வந்தால் எதையாவது சொல்லிக் கடைக்காரர் தலையில் கட்டிவிடுவாள். அவர் நாலு வருஷத்துக்கு முன்னால்தான் இந்த ஊருக்கு வந்து கடையை வாங்கியவர். அவருக்கு எதுவும் தெரியாது.

அப்படியிருக்க, ஒருநாள் காலை கடைக்காரர் கொடுத்த ஏழு சீட்டில் ஏழாவது சீட்டு அக்கா வீட்டு முகவரி. அனுப்புகிறவள் அக்கா மகள். மூன்று பூவும் நாலு மொட்டும் உள்ள சிவப்பு ரோஜாத் தொட்டி. காலை பதினோரு மணிக்குள் கொடுப்பதாகப் பேச்சு. அட்டையில் எழுத வேண்டியது: 'அம்மா, முழங்கால் ஆபரேஷனை நல்லபடியா முடிச்சிட்ட. நீ எழுந்து நடக்குற அன்னிக்கு நான் அங்க இருப்பேன்.'

பம்பரம் சீட்டை இரண்டாம் தடவை படித்தாள். ஆபரேஷனா? எப்போது? யார் கூட இருந்தார்கள்? எவன் வீட்டு மாமியாருக்கு எந்தக் கண்ணில் புரை என்பதுவரை தெரிந்து வைத்திருப்பவளுக்குத் தன் அக்காவின் முழங்கால் தெரியவில்லை.

கை வலிக்கிறது, இந்த அட்டையை நீங்களே எழுதுங்கள் என்று கடைக்காரரிடம் நீட்டினாள். தன் எழுத்தைப் பார்த்ததும் அக்கா தொட்டியைத் தெருவில் எறிந்துவிடுவாளோ என்று பயம். அவர் கோழி கிளறியது போல எழுதிக் கொடுத்தார். வழக்கம்போல அவரையே கொண்டுபோகச் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அன்று கல்யாண மாலை வேலை குவிந்திருந்தது, அவரால் கடையை விட்டு அசைய முடியாது. ஆறு சீட்டை முன்னால் வைத்து, ஏழாவதை அடியில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

மற்ற ஆறும் பன்னிரண்டுக்கே முடிந்துவிட்டன. பெட்டியில் ரோஜா மட்டும் இருந்தது. வண்டி அக்கா தெருவின் முனைவரை போனது, திரும்பிவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். டீ வந்தது, பாதி குடித்ததும் எழுந்துவிட்டாள். பெட்ரோல் போட்டாள். டயருக்குக் காற்று அடித்தாள், இருக்கிற காற்றே போதும் என்று பையன் சொல்லியும் கேட்கவில்லை. மறுபடி தெருமுனை, மறுபடி திருப்பம். ரயில்வே கேட் மேட்டில் வண்டி தூக்கிப் போட்டதில் ஒரு பூ உதிர்ந்தது. வெயிலில் இன்னொன்று தலையைத் தொங்கப் போட்டது. இரண்டு மணிக்குக் கடைக்காரர் போன் செய்தார், எடுக்கவில்லை. ஒரு போனை எடுக்காமல் விட்டது அவளுக்கே புதிது. கைப்பை வேறு அதிர்ந்துகொண்டே இருந்தது.

மூன்று மணிக்கு ஒரு யோசனை தோன்றியது. தெருமுனையில் தையல்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் தொட்டியை நீட்டி, அண்ணே, அந்த மஞ்சள் கேட் வீட்டில் கொடுத்து, ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்களேன் என்றாள். அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"என் போன்ல பேசத்தான் முடியும். அதுவும் நானா கத்தினாத்தான்." அப்புறம் மெதுவாக, "நீ அந்தம்மா தங்கச்சிதான? மூக்கு அப்படியே இருக்கே."

அவர் தானாகவே மீதியையும் சொன்னார். வீட்டுக்காரர் காலையிலேயே பஸ் ஓட்டப் போய்விட்டாராம், வர ராத்திரி ஆகும். அந்த அம்மாவால் எழுந்து வாசலுக்கு வர முடியாது. கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது, தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான்.

வாசலில் நின்று நீட்டிவிட்டு ஓடிவரலாம் என்று மனதுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கும் போயிற்று. தொட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பறந்தாள். தண்ணீர்த் தொட்டி, மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, மறுபடி தண்ணீர்த் தொட்டி. நின்றால் நினைப்பு வருகிறது, ஓட்டினால் நேரம் போகிறது. இரண்டையும் பொறுக்க முடியவில்லை.

ஐந்து பத்துக்கு ஜவுளிக்கடை வாசலில் வண்டியை நிறுத்திப் போனை எடுத்தாள்.

"எங்கம்மா போன? அந்தப் பொண்ணு மூணு தடவ கேட்டுருச்சு," என்றார் கடைக்காரர். "கோபமாக் கேக்கல. அதான் எனக்கு பயமா இருக்கு. யார் கொண்டு போறாங்கன்னு காலையிலயே கேட்டுச்சு. நம்ம பம்பரம்தான்னு சொன்னேன். அவங்களே போகட்டும், வேற யாரும் போக வேண்டாம்னுச்சு."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஜவுளிக்கடை பொம்மை கண்ணாடிக்குள்ளிருந்து இவளையே பார்த்தது. அன்றைக்கும் இதே இடத்தில்தான் வண்டியை நிறுத்தியிருந்தாள். இதே மாதிரி மூன்று தடவை வந்து வந்து போயிருந்தாள். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா போன அன்று, அக்கா போன் செய்த நேரத்தில், பாக்கி வீடு என்று ஒன்றுமே இருக்கவில்லை. பெட்டி காலி. போய் அந்த மூச்சைக் கேட்கப் பயந்துகொண்டு சும்மா ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வண்டியைத் திருப்பினாள். இந்தத் தடவை தெருமுனையில் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் திரும்பிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

கதவைத் தள்ளியபோது அக்கா முன்னறைக் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். வலது கால் நீட்டியிருந்தது, தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை கட்டு. தலை மொத்தமாக நரைத்துவிட்டது. அம்மாவைப் போலவே இருந்தாள். அக்கா முதலில் தொட்டியைத்தான் பார்த்தாள். ஒரு பூவில் மூன்று இதழ் மிச்சம், மொட்டு இரண்டு உடைந்து தொங்கியது.

"இது என்ன, சண்டைக்குப் போயிட்டு வந்த செடியா?"

ஏழு வருஷத்துக்கு அப்புறம் காதில் விழுந்த முதல் பேச்சு அது.

"வெயில்ல வாடிருச்சு," என்றாள் இவள், கதவுப் பக்கத்திலிருந்தே.

"பதினோரு மணிக்கு வரும்னு சொன்னா. ஆமா, உனக்குத்தான் எப்பவும் ரெண்டு வீடு பாக்கி இருக்குமே."

பம்பரத்தின் கையில் சாவி சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அவளால் முடியவில்லை.

"இன்னிக்கு பாக்கி இல்லக்கா. பன்னண்டுக்கே முடிஞ்சிருச்சு." தொட்டியைக் கட்டிலோரம் கொண்டுபோய் வைத்தாள். "அன்னிக்கும் இல்ல. எல்லாம் குடுத்து முடிச்சிட்டேன். அம்மாவ அப்படிப் பாக்க பயந்துகிட்டு சும்மா சுத்திட்டிருந்தேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."

மேலே மின்விசிறி சுற்றியது. அக்கா தொட்டியிலிருந்து ஒரு காய்ந்த இலையைக் கிள்ளினாள்.

"தெரியும். உன் வண்டிய ஜவுளிக்கடைப் பக்கம் மூணு தடவ பாத்ததா உங்க மாமா அன்னிக்கே சொன்னாரு. பஸ்ஸ ஓட்டிட்டுப் போனவரு."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்." அக்காவின் குரல் கொஞ்சமும் இளகவில்லை. "எனக்கு மட்டும் பயமா இல்லையாடி? நான் எங்க ஓடுறது? கைய அம்மா பிடிச்சிருந்தா."

மணி ஐந்து நாற்பத்தெட்டு. போனை எடுத்தாள். முதல் படம் ஆடிவிட்டது, இரண்டாவதும் ஆடிவிட்டது. பூவே இல்லாத தொட்டியோடு என்ன படம் வேண்டிக்கிடக்கிறது என்று முனகிக்கொண்டே அக்கா தொட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை, சிரி என்று சொல்ல இவளுக்கும் வாய் வரவில்லை. மூன்றாவதை அனுப்பிவிட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் கடைக்காரர் கூப்பிட்டார். இந்தத் தடவை உடனே எடுத்தாள். பூ எங்கே என்று அந்தப் பெண் கேட்கவே இல்லையாம். அம்மா முகத்தில் நல்ல கோபம் இருக்கிறது, அது போதும் என்றாளாம். அதற்கு என்ன அர்த்தம் என்று கடைக்காரருக்கு விளங்கவில்லை.

போனை வைத்ததும் அவள் கால் தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"செடிய இந்தக் கோலத்துல குடுத்துட்டுப் போயிடுவியா? தண்ணி ஊத்து."

பம்பரம் உள்ளே போனாள். அடுக்களையில் எல்லாம் இடம் மாறியிருந்தது. அடுக்களையை ஒட்டி அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது அரிசி டப்பாக்கள். ஜன்னலடியில் இருந்த பானை இல்லை. ஒரு அலமாரியைத் திறந்து மூடினாள், இன்னொன்றைத் திறந்தாள், ஒரு செம்பு அகப்படவில்லை. கை ஓடவில்லை. அப்படியே பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றிவிட்டது.

முன்னறையிலிருந்து அக்கா சத்தம் கொடுத்தாள்.

"இடது பக்கம் திரும்பு. கீழ்த்தட்டு. கதவ கொஞ்சம் தூக்கித் திற."