மூணு தண்ணி ஊற்றும் வரை

ஓசூரில் நாங்கள் குடியிருந்த பழைய வீடு இடிபடுவதைச் சில நாட்கள் தள்ளி வைத்தது ஒரு கம்பளிப்பூச்சி. தனியாக அதைச் செய்துவிட்டது என்று சொல்ல முடியாது. என் தாய்மாமாவும் கூட இருந்தார்.

அது ஒரு காலத்தில் ஒரே குடும்பம் வாழ்ந்த பெரிய வீடு. கருங்கல் தூண்களும் நாட்டு ஓடும் வானம் தெரியும் முற்றமுமாக இருந்ததால், தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். குடியிருந்த எங்களுக்கு அது வேறு மாதிரி வீடு. ஓட்டிலிருந்து தேள் விழும். மழை வந்தால் எந்த இடத்தில் எந்தப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்று எனக்குக்கூடத் தெரியும். வீட்டுக்காரர் பெங்களூருக்குப் போன பிறகு அதைப் பல குடித்தனங்களாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். பின்கட்டு எங்களுக்கு. சந்துப் பக்கம் தனி வாசல், பின்னால் மதில் வைத்த சின்னக் கொல்லை, கொல்லையில் ஒரு முருங்கை மரம்.

வீட்டை விற்றுவிட்டார்கள், இடித்துவிட்டு அபார்ட்மெண்ட் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. "தேளுங்க இனிமே எங்கயாச்சும் வாடகைக்குப் போவட்டும்" என்றுதான் அம்மா சொன்னாள். ஒரு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டைப் பேசி முடித்திருந்தோம். மற்றக் குடித்தனங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டு போயின. நாங்களும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டோம்.

போக வேண்டிய நாளுக்கு முந்தைய சாயங்காலம் அந்த மாடி வீட்டு அம்மாள் வந்து வாசலிலேயே நின்றாள். மகனுக்கு இங்கேயே மாற்றலாகிவிட்டது, குடும்பத்தோடு வருகிறான், வீடு இல்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அப்பா வீட்டுக்காரருக்கு போன் போட்டார். இனி எல்லாம் கட்டுகிறவர்கள் கையில் என்று அவர் வைத்துவிட்டார். பாரூரில் அம்மாவின் பிறந்த வீடு இருந்தது. ஆனால் அப்பாவின் கம்பெனி பஸ் பாரூருக்கு வராது. கான்ட்ராக்டில் இருந்த அவரை நிரந்தரமாக்குகிற பேச்சு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு போட்டால் அந்தப் பேச்சே நின்றுபோகும். எனக்கு முழுப் பரீட்சை வேறு. அம்மா கட்டின சாக்குகளில் ஒன்றை அவிழ்த்து, உலை வைக்க ஒரு பாத்திரத்தை மட்டும் வெளியே எடுத்தாள்.

மறுநாள் காலையில் எழுந்தபோது என் கழுத்து, கை, முதுகெல்லாம் சிவந்து தடித்திருந்தது. அரிப்பு தாங்கவில்லை. அம்மா ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள்.

"முருங்க மரத்துல சாஞ்சியாடி? எத்தினி தபா சொல்லிக்கிறேன்!"

திருநீற்றை எடுத்துத் தேய்க்க வந்தாள். எங்களோடு தங்கி கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாமா அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தார். வெளியே தெருமுனையில் ஜேசிபி திரும்புகிற சத்தம் கேட்டது. மாமா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது கம்பளிப்பூச்சி இல்ல" என்றார். "ஆத்தா வந்துகிறா."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். திருநீறு எடுத்த கை அப்படியே நின்றது.

"ஏண்டா, சாமி விசயம்டா."

"சாமிதாங்க்கா. வேற யாரு இருக்கா நமக்கு?"

அம்மா ஜேசிபி சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். பிறகு திருநீற்றைக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் அரைக்கப் போனாள். மாமா தெருக்கோடி வேப்பமரத்துக்கு ஓடினார்.

ஜேசிபி எங்கள் சந்தில் நுழைந்தபோது வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நான் மஞ்சளும் வேப்பிலையும் பூசிய உடம்போடு, வெள்ளை வேட்டி விரித்த பாயில் படுத்திருந்தேன். நான் அம்மை கண்டவள் என்றே நம்பினேன். கொஞ்சம் பயமாகவும் ரொம்பப் பெருமையாகவும் இருந்தது. பரீட்சையும் கிடையாது.

முதலில் வந்தவர் சூப்பர்வைசர். போனில் கன்னடம், வேலையாட்களிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று மூன்றிலும் கோபப்படத் தெரிந்தவர்.

"ஏம்மா, இன்னிக்கு காலி பண்றேன்னுதானே சொன்னீங்க? வண்டி வந்து நிக்குது பாரு."

அம்மா வாசலுக்கு வந்தாள். வேப்பிலையைக் காட்டினாள்.

அவருக்குப் பின்னால் ஜேசிபி ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். அஞ்செட்டிப் பக்கத்து மனிதர், ஒல்லியாக, கழுத்தில் ஒரு ஈரத் துண்டு. வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சார், நான் மாட்டேன்" என்றார். "ஆத்தா இருக்கிற ஊட்டு மேல கைய வெச்சா நான் ஊடு போய்ச் சேர மாட்டேன்."

"அப்ப நான் இன்னாயா சொல்றது மேல?"

"ஆத்தா வந்துகிறான்னு சொல்லுங்க. இதுல இன்னா இருக்குது?"

சூப்பர்வைசர் தள்ளிப் போய் வெகுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்து, வாசலைத் தாண்டாமல், "எத்தினி தண்ணி ஊத்துவீங்க?" என்று கேட்டார்.

"மூணு தண்ணிங்க" என்றார் மாமா, கை கட்டிக்கொண்டு.

"மூணு தண்ணி. அதுக்கு மேல என்னைக் கேக்கக் கூடாது. அதுவரைக்கும் முன்பக்கத்தை மட்டும் எடுக்கிறோம்."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த இடைவெளியில் அப்பா ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வீடு தேடப் போனார். மாமா அதற்கென்றே இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டு, பகலில் ஒவ்வொரு தெருவாக நடந்தார். அம்மை கண்ட வீட்டு முறையில் அம்மா எதையும் குறைக்கவில்லை. தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, எனக்குத் தலை வாரவில்லை. கேழ்வரகுக் கூழும் வெங்காயமும்தான் எல்லோருக்கும். மாமாகூட ஒருநாள், "அக்கா, ஒரு அப்பளமாச்சும் சுடலாமில்ல?" என்று கெஞ்சினார். "வாயை மூடுடா" என்றாள் அம்மா. சாயங்காலம் விளக்கு வைக்கும்போது கண்ணை மூடி நெடுநேரம் உதட்டை அசைப்பாள். என் உடம்பு குணமாக வேண்டிக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

முன்பக்கம் இடிபடும்போது எங்கள் ஓட்டிலிருந்து தூசி கொட்டும். ஆனாலும் அந்த ஓட்டுநர் நிதானமாகவே செய்தார். எங்கள் சுவரை ஒட்டிய பகுதியில் இயந்திரத்தை விடாமல், ஆட்களை வைத்துக் கடப்பாரையால் எடுக்கச் சொன்னார். ஒரு நாள் மாமா கையில் இளநீர் கொடுத்தனுப்பினார். "பாப்பாவுக்கு. சூடு தணியட்டும்" என்று சொன்னாராம்.

இரண்டாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் என்னால் படுத்திருக்க முடியவில்லை. அரிப்பு எப்போதோ போய்விட்டது. அம்மா குழாயடிக்குப் போன நேரத்தில், சாக்கில் கட்டியிருந்த கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் ஸ்கிப்பிங் ஆட ஆரம்பித்தேன். ஈரம் காயாத மஞ்சள் பூச்சோடு, அவிழ்ந்த தலையோடு, மூச்சு வாங்கக் குதித்தேன். நிமிர்ந்தபோது ஜேசிபி நின்றிருந்தது. முன்கட்டு போய்விட்டதால் அது பக்கவாட்டில் எங்கள் கொல்லை மதில்வரை வந்திருந்தது; மதிலுக்கு மேலே அதன் இருக்கை தெரிந்தது. அதில் உட்கார்ந்து ஓட்டுநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். கயிற்றைத் தூக்கி ஆட்டினேன்.

அவர் ஆட்டவில்லை. பின்னால் திரும்பி, சூப்பர்வைசர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். பிறகு வண்டியை அப்படியே சுற்றித் திருப்பி, அதன் முதுகை எங்கள் கொல்லைக்குக் காட்டியபடி நிறுத்தினார். அன்று முழுக்க எதிர்ப்பக்கம் பார்த்தே வேலை செய்தார். ஆத்தாவுக்குப் பயப்படுகிறார், அதனால்தான் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னிடமிருந்து கயிற்றை வாங்கி, அவிழ்ந்த சாக்கை மறுபடியும் இறுக்கிக் கட்டினாள்.

மூன்றாம் தண்ணீருக்கு முந்தின நாள் அப்பாவுக்கு வீடு கிடைத்தது. தேன்கனிக்கோட்டை சாலையில், கான்கிரீட் கூரை போட்ட இரண்டு அறை. அம்மா முதன்முதலாகத் தேள் பயமில்லாமல் தூங்கிய வீடு அது. நான் பத்தாவது முடிக்கும்வரை அங்கேதான் இருந்தோம். அப்பாவின் வேலையும் நிரந்தரமானது. அந்த ஆடியில் அம்மா மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு குடம் கூழ் ஊற்றினாள். ஒன்று எனக்காக என்றாள். இன்னொன்று யாருக்கென்று கேட்டதற்கு, மாமாவைப் பார்த்தாள்.

இப்போது நானும் அப்படியொரு அபார்ட்மெண்டில்தான் இருக்கிறேன், மூன்றாவது மாடியில். பால்கனியில் நின்றால் கீழே பக்கத்து வீட்டுக் கொல்லையில் காயும் வற்றலைக்கூட எண்ணிவிடலாம். மேலேயிருந்து பார்க்கிறவருக்கு ஒரு சின்னக் கொல்லையில் தெரியாதது எதுவுமில்லை என்று இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஓட்டுநரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

கிளம்பிய அன்று எங்கள் சாமான்களை ஏற்ற சூப்பர்வைசரே செங்கல் லாரி ஒன்றை அனுப்பி வைத்தார். சாக்குகளை ஏற்றி முடித்ததும் அவர் என்னிடம் வந்தார். தலைக்குக் குளித்து, பாவாடை சட்டை போட்டு, ரிப்பன் கட்டி நின்றிருந்தேன். குனிந்து என் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"பரவால்லையே" என்றார். "ஒரு வடுகூட வெக்காம போயிக்கிறா. ரொம்ப நல்ல ஆத்தா."

அம்மா ஏற்கெனவே கட்டியிருந்த மூட்டையை மறுபடியும் அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தாள். மாமா முருங்கை மரத்தின் உச்சியைப் பார்த்தார். நான் மட்டும், அவர் சரியாகப் பார்க்கவில்லையோ என்று, இரண்டு கையையும் நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.