நிழல் இருபது நிமிடம் தாமதமாக வந்த நாள்

செய்தி வந்தபோது ஆய்வகத்தில் லென்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரோஸ்லின் டீச்சரின் மகள்தான் பேசினாள். "அங்கிள், அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். பதிலுக்கு நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. முந்தைய நாள் மாலைதான் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, ஒரு காந்தமும் கொஞ்சம் ஊசிகளும் வேண்டும் என்று கேட்டிருந்தார். கடல் வழி கண்டவர்களின் பாடம் நடத்தப் போகிறாராம். இரண்டையும் மேசையில் எடுத்து வைத்திருந்தேன்.

தில்லி துவாரகாவில் அவர் வீட்டுக் கூடத்தில் நாங்கள் எல்லோரும் அழுதோம். கொஞ்ச நேரம்தான். பழைய மாணவன் ஒருவன் குக்கர் கதையை எடுத்தான். அவ்வளவுதான், சிரிப்பு அடங்கவில்லை. எதிர் ஃபிளாட்டுப் பஞ்சாபிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டீச்சரின் கணவர், "கோயி பாத் நஹீ ஜி, ஒண்ணுமில்ல, எல்லாம் அவளோட பசங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவரை அறிந்தவர்கள் கோபிக்க மாட்டீர்கள்.

அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோஸ்லின் டீச்சர் தூத்துக்குடிக்காரர். மத்திய அரசு வேலையில் இருந்த கணவரோடு தில்லிக்கு வந்து, முதலில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ், பிறகு துவாரகா. தில்லித் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளியில் மேல் வகுப்புகளுக்கு வரலாறு எடுத்தார். நான் இயற்பியல். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த மேசைகள். எனக்கும் வரலாற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்தப் பெருமையை அவர் ஒரே நாளில் குலைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, என் ஆய்வகச் சாமான்களைக் கடன் வாங்கியே குலைத்தார்.

குக்கர் கதை இதுதான். தொழிற்புரட்சிப் பாடத்துக்கு ஒரு நாள் வீட்டிலிருந்து பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஊறவைத்த ராஜ்மா. "சார், உங்க பர்னர் கொஞ்சம் வேணும். இன்னைக்கு என் கிளாஸ் இங்கதான்" என்றார். நீராவி மூடிமேல் இருந்த குண்டைத் தூக்குவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். சுரங்கத்தில் தண்ணீர் ஊறியதும், அதை இறைக்க ஆள் போதாமல் போனதும், அங்கிருந்து இயந்திரம் பிறந்ததும் ஒவ்வொரு விசிலுக்கும் ஒன்றாக வெளியே வந்தன. மூன்றாவது விசிலுக்கு முதல்வர் ஓடி வந்தார். டீச்சர் அசரவில்லை. "பாடம் இன்னும் வேகலை மேடம், அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்க" என்றார். முதல்வர் போகவில்லை. உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார்.

"தேதியக் கட்டிக்கிட்டு அழாதீங்கல. அந்தக் காலத்துல விளக்கு எதுல எரிஞ்சது, அதக் கேளுங்க" என்பார் வகுப்பில். "ராசா வந்தது பாதிக் கதை. அவருக்கு முந்தி ரோடு போட்டவன் மீதிக் கதை" என்றும் சொல்வார். இதை ஒரு முறை நான் கிண்டல் செய்தேன். "அப்ப ரோடு போட்டவனுக்கு ஏன் டீச்சர் பரீட்சையில மார்க் இல்ல?" என்றேன். "அதான் சார் எனக்கும் கவலை" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

அவருக்கு இருந்த பெரிய கவலை வேறு. பதினொன்றாம் வகுப்பில் வரலாறு எடுக்க ஆள் வருவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் சயன்ஸ், இல்லையென்றால் காமர்ஸ். ஒரு வருடம் ஏப்ரல் மாதச் சேர்க்கையின்போது நிர்வாகக் குழு சொல்லிவிட்டது: இந்த முறையும் பிள்ளைகள் சேராவிட்டால் அந்தப் பிரிவை மூடிவிடலாம். டீச்சருக்கு வேலை போகாது, கீழ் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டிபன் பாக்சைத் திறந்து, பார்த்து, மூடினார். மூன்றாம் நாள் என் மேசையில் கையை ஊன்றி, "சார், முத்தத்துல ஒரு கம்பு நடணும்" என்றார்.

முற்றத்தின் நடுவில் கம்பை நட்டோம். அதைச் சுற்றி, கயிற்றில் சுண்ணக்கட்டியைக் கட்டி ஒரு வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் தொட்ட இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவாகக் கம்பிலிருந்து கோடு இழுத்தால் அது சரியான வடக்கு. காந்தமும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். கோயில் கட்டியவர்கள் திசை பிடித்த வழி. மறுநாள் பெற்றோர் வரும் நாள். குழுச் செயலரும் வருவார். உச்சிவேளையில் நிழல் அந்தக் கோட்டின் மேல் விழுவதைக் காட்டி, அங்கேயே வரலாற்றைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்பது திட்டம்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நிழல் கோட்டில் விழும் என்று அறிவித்தோம். இருவருமேதான் அறிவித்தோம். அவருக்குக் கம்பின் மேல் நம்பிக்கை, எனக்கு என் கைக்கடிகாரத்தின் மேல். பன்னிரண்டு அடித்தது. நிழல் கோட்டுக்கு மேற்கே, நன்றாகத் தள்ளி, சோம்பலாகக் கிடந்தது.

வெயில் கொளுத்தியது. சிறு முணுமுணுப்பு. செயலர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "போதும் டீச்சர், பிள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க" என்றார். நான் டீச்சரின் காதருகே போய், "கோடு கோணல். அழிச்சுட்டு வேற போடலாம்" என்றேன்.

"கோட்டத் தொடாதீங்க சார். கம்பு பொய் சொல்லாது. உங்க மணியத்தான் விசாரிக்கணும்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை, திருவிழாவுக்கு வந்த குழந்தையின் முகம். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "நாங்க ரெண்டு பேரும் தப்பாச் சொல்லிட்டோம். ஏன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் யாரும் போகக் கூடாது." காவலாளி ஒரு குடையோடு ஓடி வந்து செயலருக்குப் பிடித்தார். "பையா, தோடா ஹட்டுங்க, கொஞ்சம் தள்ளுங்க, என் நிழல மறைக்கீங்க" என்று டீச்சர் காவலாளியை நகர்த்தினார்.

பத்தாம் வகுப்பு முடித்த ஷாலினிதான் முதலில் கேட்டாள். "மேம், சூரியன் லேட்டா, நம்ம கடி லேட்டா?" கடி என்றால் இந்தப் பிள்ளைகளுக்குக் கடிகாரம். விமான நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் அப்பா, பேசாமல் இரு என்று கையைப் பிடித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாம் கட்டியிருக்கும் கடிகாரம் தில்லிச் சூரியனுடையது அல்ல. கிழக்கே மிர்சாபூர் பக்கம் போகும் ஒரு தீர்க்கரேகையின் மணியைத்தான் நாடு முழுவதும் வைத்திருக்கிறோம். அங்கே உச்சி வந்து ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்துத்தான் சூரியன் நம் ஊரில் உச்சிக்கு வரும். இதை நான் சொன்னதும் டீச்சர் பேச்சை அப்படியே வாங்கிக்கொண்டார்.

"சார் சொன்னது பாதி. மீதிய நான் சொல்லுதேன். அந்தக் காலத்துல ஊருக்கு ஒரு மணி. தில்லிக்கு ஒண்ணு, பம்பாய்க்கு ஒண்ணு. ரயில் வந்துச்சு, எல்லாம் குழம்பிப் போச்சு. எந்த ஊர் மணிக்கு ரயில் விடுறதுன்னு யோசிச்சாங்க. கடைசில எந்த மணி தெரியுமா? நம்ம மெட்ராஸ் மணி."

"ஸச்சீ மேம், நிஜமாவா? டெல்லில ரயில் மெட்ராஸ் டைம்ல ஓடிச்சா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். தில்லியில் பிறந்து, தமிழைத் தடுமாறிப் பேசும் எங்கள் பிள்ளைகள் அன்று நிமிர்ந்த நிமிர்வை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்குள் நிழல் நகர்ந்து நகர்ந்து கோட்டில் ஏறிவிட்டது. கைதட்டல். குடையை விட்டு வெளியே வந்து குனிந்து பார்த்தவர் செயலர்.

ஷாலினி விடவில்லை. "அப்ப மணி என்னன்னு யாரு மேம் முடிவு பண்றது?"

"அதுக்குத்தான்மா பதினொண்ணாம் வகுப்பு" என்றார் டீச்சர்.

அவள் அப்பா தயங்கியபடி, வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார். "வேலைக்கு நான் உறுதி சொல்ல முடியாது அண்ணே. ஆனா இந்தப் பிள்ளைய யாரும் லேசுல ஏமாத்த முடியாது. அதுக்கு உறுதி சொல்லுதேன்" என்றார். ஷாலினி சேர்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலரும் சேர்ந்தார்கள். பிரிவு பிழைத்தது. அன்று ரோஸ்லின் டீச்சர் தன் டிபனையும் சாப்பிட்டு, என்னுடையதில் பாதியையும் சாப்பிட்டார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர் போன மறுவாரம் அதே பேச்சு மறுபடியும் எழுந்தது. புது ஆசிரியர் கிடைக்கும்வரை பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் பிள்ளைகளை காமர்சுக்கு மாற்றிவிடலாமா என்று முதல்வர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். ஒரு முறை போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நான் எழுந்தேன். "அதுவரைக்கும் நான் எடுக்கிறேன் மேடம்" என்றேன். "சார், நீங்களா?" என்றார் முதல்வர். ஆசிரியர் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ரோஸ்லின் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று கேட்டால், அவருடைய மதிய வகுப்பை வைத்துக்கொண்டேன். முதல் நாள் உள்ளே போய்ப் பாடப் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டு வரி படிப்பதற்குள் முன் பெஞ்சுப் பெண் கையைத் தூக்கினாள். "சார், தப்பா நினைக்காதீங்க. இது மேம் ஏற்கெனவே எடுத்துட்டாங்க. நீங்க உட்காருங்க, நாங்க உங்களுக்குச் சொல்றோம்" என்று சொல்லிச் சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டாள். ஜன்னல் ஓரம் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.